வீடு வாங்கி விற்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு

கொஞ்ச நாளாக நம் பிள்ளைகளின் கைப்பேசியில் ஒரு விளம்பரம் விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய வீட்டை மலிவாக வாங்கு, பட்டி பார்த்து பெயிண்ட் அடி, டைல்ஸ் ஒட்டு, ஆறே மாதத்தில் விற்றுவிடு, லட்சங்களில் லாபம். இதற்கு அமெரிக்காவில் ‘ஹவுஸ் ஃப்ளிப்பிங்’ என்று பெயர். கோட் போட்ட ஒருவர் ஓட்டல் அரங்கில் நின்று இரண்டு நாளில் சொல்லித் தருகிறார். கட்டணம் ஒரு கல்லூரிப் பருவக் கட்டணத்துக்குக் குறையாது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்துக்கு மூன்று ஆண்டுகள் தவறாமல் வந்த தம்பி ஒருவர் அப்படி ஒரு வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். பி.காம். முடித்தவர். அப்பா கொத்தனார். வேலைக்கு விண்ணப்பித்து அலுத்துப்போன பிள்ளை. திரும்பி வந்தபோது சட்டைப்பையில் ‘ப்ராப்பர்ட்டி கன்சல்டன்ட்’ என்று அச்சடித்த அட்டை இருந்தது. நாங்கள் சிரித்தோம். ஒருவர் “தரகு வேலைக்குப் போயிட்டியா தம்பி?” என்று கேட்டும் விட்டார்.

அவர் சொன்ன பதில் எங்களைச் சுட்டது. “தோழர், எங்க பாட்டன் நிலத்தைப் பறிகொடுத்தான்னு நாமளும் வருஷக்கணக்கா பேசுறோம். வாங்குறதுக்கும் ஒரு ஆள் வேண்டாமா? காலம் பூரா எங்கப்பா கட்டுன வீட்ட வேற ஒருத்தன் வித்து சம்பாதிக்கிறான். நான் வித்தா மட்டும் தப்பா?”

தப்பில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறோம். சொத்து சேர்ப்பது நமக்கு ஆகாத காரியம், நாம் போராட மட்டுமே பிறந்தவர்கள் என்று யாராவது சொன்னால் அவர்களை நம்பாதீர்கள். 1917இல் வெளிநாட்டில் படித்துவிட்டு பரோடா அரசில் வேலைக்குச் சேரப் போன அண்ணல் அம்பேத்கருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் சாதியை மறைத்துத் தங்கினார். தெரிந்ததும் தடியோடு வந்து விரட்டினார்கள். அதே மனிதர் 1930களில் பம்பாய் தாதரில் ராஜகிருகம் என்ற வீட்டைக் கட்டினார், தம் புத்தகங்களுக்கும் சேர்த்து இடம் வைத்து. சொந்த வீடு என்பது நமக்கு ஆடம்பரம் இல்லை. யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாத நாலு சுவர் அது.

ஆகவே கேள்வி வீடு வாங்கி விற்கலாமா என்பதில்லை. அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 லட்சத்துக்கு ஒரு பழைய வீட்டை வாங்குகிறீர்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,80,000. வக்கீல், பத்திரம் எழுதுபவர், அலைச்சல் என்று 20,000. தரகர் கமிஷன் ஒரு சதவீதம் வைத்தாலும் 20,000. பழுது பார்க்க 4 லட்சம். உங்கள் வீட்டில் 24 லட்சம் ரொக்கம் இருக்காது. 10 லட்சத்தை ரெண்டு வட்டிக்கு வாங்கி, விற்க எட்டு மாதம் ஆகிறது என்றால் வட்டி மட்டும் 1,60,000. விற்கும்போது மறுபடி கமிஷன் 29,000. மொத்தம் 28,09,000. வீட்டை 29 லட்சத்துக்கு விற்றால் கையில் நிற்பது 91,000. 24 மாதத்துக்குள் விற்றால் அந்த லாபம் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரிக் கணக்கில் ஏறும். நடுவில் ஒரு மழைக்காலம் வந்து மொட்டைமாடி ஒழுகினால் அந்த 91,000மும் போச்சு.

இந்தக் கணக்கை ஓட்டல் அரங்கில் போட்டுக் காட்ட மாட்டார்கள். அப்படியானால் இந்தத் தொழிலில் சம்பாதிப்பவர்கள் எப்படிச் சம்பாதிக்கிறார்கள்? நம் ஊரில் பெரும்பாலும் வீட்டை வாங்குவதே இல்லை. உரிமையாளரிடம் சின்ன அட்வான்ஸ் கொடுத்து ‘அக்ரிமெண்ட்’ போடுவார்கள். மூன்று மாதமோ ஆறு மாதமோ கெடு. கூடவே ஒரு ‘பவர்’ எழுதி வாங்கிக்கொள்வார்கள். கெடுவுக்குள் அதிக விலைக்கு இன்னொருவரைப் பிடித்து, உரிமையாளர் பெயரிலிருந்து நேராக அவர் பெயருக்குக் கிரயம் முடித்துவிடுவார்கள். நடுவில் நின்றவர் பெயர் பத்திரத்தில் வாங்கியவராக வராது. ஆகவே அவருக்கு முத்திரைத் தீர்வை இல்லை, பெரிய முதலீடு இல்லை. லாபம் என்பது உரிமையாளருக்குச் சொன்ன விலைக்கும் வாங்குபவரிடம் சொன்ன விலைக்கும் உள்ள இடைவெளி. அந்த இருவரும் ஒருவரோடு ஒருவர் விலை பேசாதவரைதான் அந்த இடைவெளி நிற்கும்.

அதனால்தான் வகுப்பில் முதல் பாடமே ‘அவசரத்தில் விற்பவரைத் தேடு’ என்பது. சாவு விழுந்த வீடு. கடனில் மூழ்கிய வீடு. பாகப்பிரிவினைச் சண்டை நடக்கிற வீடு. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வழி தெரியாத வீடு. இந்தப் பட்டியலைப் படித்ததும் உங்களுக்கு யார் வீடு ஞாபகம் வருகிறது? எங்களுக்கு எங்கள் தெருதான் ஞாபகம் வந்தது.

எங்கள் தம்பியும் அங்கேதான் போனார். காலனியின் கடைசியில், புதிதாக வந்த பைபாஸுக்குப் பக்கத்தில் ஒரு ரெண்டு அறை வீடு. துப்புரவுப் பணியாளராக இருந்து இறந்துபோனவர் தன் பணத்தில் கட்டியது. அவர் மனைவிக்கு மகளின் சிகிச்சைக்கு அவசரமாகப் பணம் வேண்டும். ஏழு லட்சம் கேட்டார். தம்பி 50,000 அட்வான்ஸ் கொடுத்து நான்கு மாதக் கெடு எழுதினார், பவரும் வாங்கினார். அப்பாவையே அழைத்து வந்து பூச்சு வேலை பார்த்தார், கதவு மாற்றினார், முன்பக்கம் டைல்ஸ் ஒட்டினார். பதினொன்றரை லட்சத்துக்கு ஆள் பிடித்தார்.

கிரயத்தன்று சார்பதிவாளர் அலுவலகத்துத் திண்ணையில் அந்த அம்மாவும் வாங்க வந்தவரின் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சுவாக்கில் அந்தப் பெண் “பதினொன்றரைக்கு நகையெல்லாம் வித்தோம்க்கா” என்றிருக்கிறார். அன்று ராத்திரி அம்மா எங்கள் வட்டம் நடக்கிற இடத்துக்கு வந்தார். கத்தவில்லை. “நம்ம புள்ளதானேன்னு படிக்காம கையெழுத்துப் போட்டேன் தம்பி” என்றார். அவ்வளவுதான்.

தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டோம். “அவங்க கேட்ட விலையை ஒரு பைசா குறைக்காம குடுத்தேன். சட்டப்படி நான் என்ன தப்பு செஞ்சேன்?” என்றார். எங்களிடம் சட்டென்று பதில் இல்லை. அவர் சொன்னது உண்மை. சட்டம் அவரைக் கேட்காது. பக்கத்து ஊர் ஆதிக்கசாதித் தரகர் இதையே செய்திருந்தால் நாங்கள் மறுநாளே போஸ்டர் ஒட்டியிருப்போம். நம் பிள்ளை செய்தபோது வாய் குழறியது.

மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து பேசினோம். செலவுக்கான ரசீதுகளை எடுத்து வைத்தார். எல்லாம் சேர்த்து 1,10,000. அது போக நின்றது 3,40,000. அதில் 2 லட்சத்தை அந்த அம்மாவிடம் கொடுத்தார். மீதி அவருக்கும் அவர் அப்பாவுக்குமான கூலி என்று எடுத்துக்கொண்டார். நாங்கள் சரியாகத்தான் தீர்த்து வைத்தோமா என்று இன்றும் தெரியவில்லை. அந்த அம்மாவும் தம்பியும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

இந்தத் தொழிலின் தாய்நாட்டில் இது எப்படி நடந்தது என்பதை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1930களில் அமெரிக்க அரசு வீட்டுக் கடன்களுக்கு உத்தரவாதம் கொடுக்கத் தொடங்கியது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு மை பூசி, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்து வைத்தது. வங்கிக் கதவு அடைபட்டது. அந்த அடைபட்ட கதவுக்கு வெளியே தரகர்கள் கடை போட்டார்கள்.

சிகாகோவில் வெள்ளையர் தெருவில் ஒரு கறுப்பினப் பெண்ணைக் குழந்தை வண்டியோடு நடக்கவிடுவார்கள். அதற்குக் கூலி கொடுப்பார்கள். “அவங்க வந்துட்டாங்க, இனி உங்க வீட்டுக்கு விலை போகாது” என்று வெள்ளையரிடம் பயம் காட்டி மலிவு விலைக்கு வாங்குவார்கள். அதே வீட்டைக் கடன் கிடைக்காத கறுப்பினக் குடும்பத்துக்கு ஒப்பந்த முறையில் பெரும் விலைக்கு விற்பார்கள். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் கைக்கு வராது. ஒரு தவணை தவறினால் வீட்டைவிட்டு வெளியேற்றம். கட்டிய பணம் அத்தனையும் போகும். அடுத்த வாரம் அதே வீடு அடுத்த குடும்பத்துக்கு.

2019இல் வெளியான டியூக் பல்கலைக்கழக ஆய்வு, 1950களிலும் 60களிலும் சிகாகோவில் கறுப்பினக் குடும்பங்களுக்கு விற்கப்பட்ட வீடுகளில் 75 முதல் 95 சதவீதம் இப்படி ஒப்பந்த முறையில் விற்கப்பட்டவை என்கிறது. தரகர்கள் வாங்கிய விலைக்கு மேல் சராசரியாக 84 சதவீதம் ஏற்றியிருக்கிறார்கள். அந்த மக்கள் இழந்தது 300 முதல் 400 கோடி டாலர் என்று அது மதிப்பிடுகிறது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1968இல் லாண்டேல் பகுதி மக்கள் ஒப்பந்தக்காரர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் முதல் வேலை ஊர்வலம் இல்லை. பதிவு அலுவலகத்துக்குப் போய், தரகர் இந்த வீட்டை எவ்வளவுக்கு வாங்கினார், நமக்கு எவ்வளவுக்கு விற்றார் என்று வீடு வீடாகத் தேடி எழுதியதுதான். பிறகு தவணை கட்ட மாட்டோம் என்று நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நின்றன. பல ஒப்பந்தங்கள் திருத்தி எழுதப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில், மார்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் கையெழுத்தான வீட்டுவசதிச் சட்டம், இனத்தைக் காட்டிப் பயமுறுத்தி வீடு விற்கவைப்பதைச் சட்டவிரோதமாக்கியது.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். இங்கே சிவப்பு மை தேவைப்படவில்லை. ஊர் என்றும் சேரி என்றும் கோடு ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருக்கிறது. ஒரே செங்கல், ஒரே சிமெண்ட், ஒரே கொத்தனார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. வகுப்பில் ‘லொகேஷன் முக்கியம்’ என்று சொல்வார்கள். நம் ஊரில் லொகேஷன் என்றால் பாதி சாதி. 2015இல் டெல்லியையும் சுற்றுவட்டாரத்தையும் வைத்து நடந்த ஓர் ஆய்வில், வாடகைக்கு வீடு கேட்டுப் போன தலித்துகளும் முஸ்லிம்களும் பெயரைக் கேட்டதுமே திருப்பி அனுப்பப்பட்டது பதிவாகியிருக்கிறது. அமெரிக்க உச்சநீதிமன்றம் 1948இலேயே, கறுப்பினத்தவருக்கு விற்கமாட்டோம் என்ற ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்றது. நம் உச்சநீதிமன்றமோ 2005இல், ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தன் சமூகத்தவரை மட்டும் உறுப்பினராக வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. நீங்கள் எவ்வளவு அழகாகப் பெயிண்ட் அடித்தாலும் இந்தச் சுவர் உங்களுக்கு முன்னால் நிற்கும்.

நிலத்திலும் இதே கதைதான். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணை நமக்குப் பஞ்சமி நிலத்தைத் தந்தது. 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லி வருகின்றன. முதல் பத்து ஆண்டு யாருக்கும் விற்கக் கூடாது, அதன்பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படி இருந்தும் நிலம் எப்படிப் போனது? அடித்துப் பிடுங்கியது ஒரு பங்கு. மிச்சம் சாராயக் கடைக் கடனுக்கும் கல்யாணச் செலவுக்கும் வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டில் போனது. மீட்கப் போனபோது என்ன நடந்தது என்பதற்கு 1994இல் காரணைப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட ஜான் தாமஸும் ஏழுமலையும் சாட்சி.

இதையெல்லாம் எங்கள் படிப்பு வட்டத்தில் ஆண்டுதோறும் பேசுகிறோம். ஆனால் ஒரு பட்டாவை எப்படிப் படிப்பது என்று ஒரு ஞாயிறுகூடச் சொல்லித்தந்ததில்லை. அந்த அம்மா படிக்காமல் கையெழுத்துப் போட்டதில் எங்களுக்கும் பங்கு உண்டு. தம்பி கட்டணம் கட்டி வெளியே போய் வித்தை கற்றதிலும் உண்டு. நாம் சொல்லித்தந்திருந்தால், யாரிடம் எதைச் செய்யக்கூடாது என்பதையும் சேர்த்துக் கற்றிருப்பார்.

ஆகவே இந்தத் தொழிலுக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இது.

முதலில் காகிதத்தைப் படியுங்கள். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பாருங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பட்டா, சிட்டாவோடு நிற்காதீர்கள், ‘அ’ பதிவேட்டையும் எடுங்கள். யூ.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்த 1980களுக்கு முந்தைய பழைய பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். பஞ்சமி என்ற குறிப்பு பல ஊர்களில் அந்தச் சமயத்தில்தான் காணாமல் போனது என்று நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லி வருகின்றன. குறிப்பு இருந்தால் அந்த மனையைத் தொடாதீர்கள். யார் அனுபவத்தில் இருக்கிறது என்று எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.

பவரை நம்பி வாங்காதீர்கள், விற்காதீர்கள். பவர் பத்திரத்தாலும் அக்ரிமெண்டாலும் சொத்துரிமை மாறாது என்று உச்சநீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதைத் தமிழ்நாடு 2012இல் கட்டாயமாக்கியது. முத்திரைத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது தொழில் இல்லை.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய (முந்தைய குடிசை மாற்று வாரிய) வீடுகளைக் கைமாற்றாதீர்கள். ஊருக்கு நடுவில் இருந்த நம் மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் தூக்கிப் போட்டார்கள். வேலைக்குப் போக முடியாமல் அங்கிருந்தும் வெளியேறுகிறவர்கள் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வாரியம் கிரயப் பத்திரம் கொடுக்காத வீட்டை அவர்களால் விற்கவும் முடியாது, உங்களால் வாங்கவும் முடியாது. இருவருமே நாளைக்குத் தெருவில் நிற்பீர்கள்.

விற்பவரிடம் உண்மை விலையைச் சொல்லுங்கள். வழிகாட்டி மதிப்பு என்ன, பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று எழுதிக் கொடுங்கள். அதற்குப் பிறகும் அவர் உங்களுக்குக் குறைத்துத் தந்தால் அது வியாபாரம். பழுது பார்த்துச் சம்பாதியுங்கள், அதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஒழுகுகிற கூரையை நிறுத்துவதும், இருட்டு அறைக்கு ஜன்னல் வைப்பதும், கழிப்பறை கட்டுவதும் வீட்டின் மதிப்பைக் கூட்டுகிற வேலை. நம் அப்பன்மார்களுக்கும் அம்மாக்களுக்கும் கைவந்த வேலை. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் லாபத்தில் பங்கு வைத்து நாலு பேர் சேர்ந்து செய்தால் நாங்களே கூட நிற்போம். தெரியாத ஆளின் தெரியாமையில் சம்பாதிக்காதீர்கள். அது நம் பாட்டனிடம் ஏற்கெனவே ஒருவன் செய்த தொழில்.

கடைசியாக, ரெண்டு வட்டிக்கு வாங்கி இந்தத் தொழிலில் இறங்காதீர்கள். மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். அந்த வீட்டில் உங்களைவிட வட்டிக்காரர் அதிகம் சம்பாதிக்கிறார்.

அடுத்த மாதம் முதல் எங்கள் வட்டத்தில் ஒவ்வொரு இரண்டாம் ஞாயிறும் பத்திரம் படிக்கும் வகுப்பு நடக்கும். கட்டணம் இல்லை. வீட்டில் இருக்கிற பழைய காகிதங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள், தகரப் பெட்டியின் அடியில் கிடப்பதையும் விடாதீர்கள். பாட்டியையும் கூட்டி வாருங்கள், எந்த வயலில் யார் உழுதார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சொல்லித்தரப் போவது அந்தத் தம்பிதான். நாங்கள் கேட்டபோது ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. பிறகு வந்து, “முதல் வகுப்புல என் அக்ரிமெண்டையே படிச்சுக் காட்டுறேன் தோழர்” என்றார்.

அந்த அம்மாவையும் அழைத்திருக்கிறோம். வருவாரா என்று தெரியாது. அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைப்போம்.

ஜெய்பீம்.